அப்பாவின் ஃபிஷ் ரிப்போர்ட்

அன்புள்ள மேடம்,

என் அப்பாவுக்கு 68 வயது. முழு உடல் பரிசோதனையில் ரத்தத்தில் எம் புரதம் என்ற அசாதாரணப் புரதம் டெசிலிட்டருக்கு 1.4 கிராம் இருந்தது. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில், எதிர்ப்புப் புரதம் செய்யும் பிளாஸ்மா செல் 6 சதவீதம். இது எம்.ஜி.யு.எஸ். என்ற நிலை, எம் புரதம் இருக்கிறது, புற்றுநோய் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் குரோமோசோம்களை ஒளிரும் புள்ளிகளாகப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை ரிப்போர்ட்டில் 11, 14 குரோமோசோம்களுக்கிடையே இடமாற்றம் என்று இருக்கிறது. நெட்டில் தேடினால் பிளாஸ்மா செல் புற்றுநோயான மைலோமாவிலும் இதே மாற்றம்தான். குரோமோசோமே மாறிய பிறகு புற்றுநோய் இல்லை என்பது எப்படி? எனக்கும் என் பெண்ணுக்கும் இது வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவர் இல்லை. இருட்டறையில் உட்கார்ந்து இந்த ஃபிஷ் ஸ்லைடுகளை எண்ணிப் பார்ப்பதுதான் பல வருஷம் என் வேலையாக இருந்தது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

செல்லின் உட்கரு நீலமாகத் தெரியும். 11க்குச் சிவப்புப் புள்ளி, 14க்குப் பச்சை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை, தனித்தனியாக. உங்கள் அப்பாவுக்கு இருப்பதுபோல இடம் மாறியிருந்தால் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, மற்ற இரண்டு இடங்களில் இரண்டு நிறமும் ஒட்டி மஞ்சள். இப்படி நூறு, இருநூறு செல் எண்ணுவோம். ஆனால் அந்த ஸ்லைடை மட்டும் கொடுத்து, இவருக்கு எம்.ஜி.யு.எஸ்ஸா மைலோமாவா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இரண்டிலும் அதே மஞ்சள்தான்.

காரணம், இந்த இடமாற்றம் செல்லில் நேரும் முதல் தவறு மட்டுமே. பிளாஸ்மா செல் ஆவதற்கு முன் பி செல் என்ற வெள்ளை அணு, எதிர்ப்புப் புரதத்தை மாற்றிச் செய்வதற்காக 14ஆம் குரோமோசோமில் உள்ள தன் மரபணுவைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. அதன் தொழிலே கத்தரியோடுதான். எப்போதோ ஒருமுறை வெட்டிய நுனி 11இன் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். அங்கிருக்கும், செல்லைப் பெருகத் தூண்டும் சைக்ளின் டி1 மரபணு அப்புறம் ஓயாமல் வேலை செய்யும். அந்த ஒரு செல்லின் வாரிசுகள் கொஞ்சம் பெருகும். பெரும்பாலும் அவ்வளவுதான், அப்படியே வருஷக்கணக்கில் கிடக்கும்.

அது மைலோமாவாக மாற மேற்கொண்டு அடி விழ வேண்டும்: செல் வளர்ச்சியைத் தூண்டும் மிக் மரபணு இடம் மாறுவது, 1ஆம் குரோமோசோமின் நீண்ட கை கூடுதலாகச் சேர்வது, 17இன் குட்டைக் கை தொலைவது போல. இந்தக் கடைசியில்தான் புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணு போகிறது. ரிப்போர்ட்டில் அதைப் பார்த்தால் எனக்கே மனசு கனக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் இவை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

1978இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ராபர்ட் கைல் இந்த நிலைக்குப் பெயர் வைத்தபோதே ‘முக்கியத்துவம் தீர்மானிக்க முடியாதது’ என்றுதான் வைத்தார். அங்கே பல பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், நூறு பேரில் வருஷத்துக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் நோயாக மாறியது. ஐம்பது வயது தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. பலருக்குத் தெரியாமலே காலம் போய்விடும்.

உங்கள் பெண் விஷயம். இந்த இடமாற்றம் அப்பாவின் பிளாஸ்மா செல்களில் மட்டும், அவர் வளர்ந்த பிறகு வந்தது. விந்தணுவில் இல்லை, உங்களுக்குக் கொடுக்கவும் இல்லை. நெருங்கிய ரத்த உறவினருக்கு எம்.ஜி.யு.எஸ். வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதலும் சின்ன எண்தான். அதற்காக இப்போதே குழந்தையின் கையில் ஊசி குத்த வேண்டாம்.

ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 11, 14 மாற்றம் ஏ.எல். அமிலாய்டோசிஸ் என்னும் வேறொரு நோயிலும் அடிக்கடி தென்படும்; அந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கும். அதில் செல்கள் அதிகம் பெருகாது, ஆனால் அவை விடும் புரதம் இதயத்திலும் சிறுநீரகத்திலும் போய்ப் படியும். எனவே அப்பாவுக்குச் சிறுநீர் நுரைக்கிறதா, கணுக்கால் வீங்குகிறதா, மாடி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். இல்லாவிட்டாலும் அடுத்த முறை போகும்போது, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.