எண்பது வயதுப் பாட்டுக்காரருக்கு எத்தனை ரூபாய் கொடுக்கலாம்?

(மெல்லிசைக் குழுக்களில் 26 ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்து ஓய்ந்த ஒருவர், வாசகர்களின் இசைக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.)

கேள்வி: ஐயா, என் கணவருக்கு வரும் வைகாசியில் 60 முடிகிறது. கல்லூரி நாளிலிருந்தே டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின்மேல் பைத்தியம். ஜெர்மனியில் இருக்கும் மகளையும் பேரனையும் பார்க்கக் கிளம்புகிறோம். அந்த நேரத்தில் அவர்கள் கச்சேரி அங்கே இருக்கிறதாம். 'அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா' என்று மகள் கேட்கிறாள். இரண்டு பேருக்கு நம் பணத்தில் 22 ஆயிரம். பாடுகிறவருக்கே 80 ஆகிவிட்டது என்கிறார்கள். அதற்குப் பதில் சஷ்டியப்தபூர்த்திக்கு ஒரு மோதிரம் போட்டால் நிலைத்து நிற்காதா?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் மோதிரத்தை முடித்துவிடுவோம். இன்றைய தங்க விலையில் 22 ஆயிரத்துக்கு வரும் மோதிரம் உங்கள் பேரன் விரலுக்குத்தான் சேரும். அடுத்து, விமானச் செலவைக் கச்சேரிக் கணக்கில் எழுதாதீர்கள் அம்மா. அது பேரன் கணக்கு. ஆக, கேள்வி 22 ஆயிரத்தைப் பற்றியது மட்டும்.

இப்படி யாராவது கேட்டால் நான் முதலில் பாடகர் வயதைக் கேட்பதில்லை. டிரம்ஸ் யார் என்றுதான் கேட்பேன். என் தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் தொண்டை சரியில்லாத இரவில் கூட்டம் கூடச் சேர்ந்து பாடிச் சமாளித்துவிடும். டிரம்மர் தளர்ந்துவிட்டால் குழுவே தளர்ந்துவிடும். அதுவும் வயது எங்களுக்கு முதலில் காலில்தான் தெரியும். பேஸ் டிரம் பெடலை மிதிக்கிற வலது கால் ஒரு மயிரிழை பின்தங்கும். கேட்கிறவருக்குக் காரணம் புரியாது, 'ஏதோ சப்பென்று இருக்கிறதே' என்று மட்டும் தோன்றும். என் முழங்கால் அப்படிச் சொன்ன வருடம்தான் நான் குச்சியைக் கீழே வைத்தேன்.

உங்கள் கணவர் விஷயத்தில் நல்ல சேதி இருக்கிறது. 1972-ல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் வாசித்த ஐந்து பேரில் மூன்று பேர் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். பாடகர் இயன் கில்லன், பாஸ் கிட்டார் ரோஜர் க்ளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் 1993-ல் விலகிப் போனார். ஆர்கன் வாசித்த ஜான் லார்ட் 2012-ல் காலமானார். இப்போதைய கிட்டாரிஸ்ட் சைமன் மெக்பிரைட் பிறந்ததே 1979-ல். பெய்ஸ் 1968-ல் குழு தொடங்கிய நாளிலிருந்து அதை விட்டு நகராதவர். 2016-ல் லேசான பக்கவாதம் வந்து, தேறி, திரும்ப வந்து உட்கார்ந்தவர். இடது கைக்காரர் என்பதால் அவர் செட் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறிக் கிடக்கும். மேடைக்கு எதிரே நின்று பார்க்கும்போது நம் இடப்பக்கம் ஸீட் கிடைத்தால் விடாதீர்கள். கை, கால் இரண்டும் அங்கிருந்துதான் தெரியும்.

கில்லன் குரல் பழைய குரலா என்றால், இல்லை. 'சைல்ட் இன் டைம்' என்று 1970-ல் வந்த பத்து நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. குரல் படிப்படியாக ஏறி, கடைசியில் வீறிட்டுக்கொண்டு போகும். உங்கள் கணவரைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு பாடிக்காட்டுவார், அக்கம்பக்கத்தார் எட்டிப்பார்ப்பார்கள். 2002-க்குப் பிறகு கில்லன் அதை மேடையில் பாடுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு இதில் அவர்மேல் மரியாதைதான் கூடியது. முடியாததை ஒலிப்பதிவு போட்டு ஒப்பேற்றாமல் தள்ளி வைத்துவிட்டார். பல ராக் குழுக்கள் வேறு வழி பிடிக்கின்றன. கிட்டாரையே அரைக் கட்டை இறக்கிக் கட்டிக்கொள்கின்றன. நம்மூர்ப் பாடகர்கள் வயதானால் கட்டையைக் குறைப்பதில்லையா, அதேதான். செம்மங்குடி எண்பதைத் தாண்டிப் பாடியபோது, நான் உட்கார்ந்திருந்த சபாவில் யாரும் 'குரல் போச்சே' என்று எழுந்து போகவில்லை. ராகம் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

ஆனால் அது சபா. முன்வரிசைக்கும் மேடைக்கும் பத்தடி. ராக் கச்சேரியில் நீங்கள் பணம் கொடுப்பது அந்தத் தூரத்துக்கு. இதை இரண்டு முறை சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன்.

முதல் முறை, 2003 ஏப்ரல் 4, பெங்களூரு அரண்மனை மைதானம். ரோலிங் ஸ்டோன்ஸ் இந்தியாவில் வாசித்த முதல் கச்சேரி. டிக்கெட்டுக்கும் பயணத்துக்குமாக இரண்டு கல்யாணக் கச்சேரிச் சம்பளம் போயிற்று. பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது 59, டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு 61. எங்கள் கீபோர்டுக்காரர், 'கிழவர்களைப் பார்க்கவா இவ்வளவு?' என்று கேட்டார். பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காலையில் ஏறி மதியம் இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. செம்மண் சேற்றில் ஒரு செருப்பு புதைந்து அங்கேயே தங்கிவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து வாட்ஸ் என் கட்டைவிரல் உயரம்.

பெரிய திரையில் அவர் கையைக் காட்டினார்கள். எங்களைப்போன்ற சாதாரண டிரம்மர்கள் வலது கையால் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தாளத்தட்டை விடாமல் தட்டிக்கொண்டே, இடது கையால் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மை அடிப்போம். இரண்டும் சேர்ந்து விழும். வாட்ஸ் அப்படிச் செய்யவில்லை. இடது கை ஸ்னேரில் இறங்குகிற அந்த நொடியில் வலது கை ஹை-ஹாட்டை விட்டு மேலே எழுந்து, ஒதுங்கி நிற்கும். ஸ்னேர் தனியாக, சுத்தமாக விழும். பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொள்கிற பிள்ளை மாதிரி. இருபது வருடம் கேசட்டில் கேட்டும் எனக்கு இது பிடிபடவில்லை. அடுத்த வாரம் தாம்பரத்தில் ஒரு ரிசப்ஷனில் செய்து பார்த்தேன். பாடகர் பாட்டுக்கு நடுவில் திரும்பி முறைத்தார்.

வாட்ஸ் 2021 ஆகஸ்டில் போய்விட்டார். 'கிழவர்' ஜாகரோ 2024-ல், 80 வயதில், வட அமெரிக்கா முழுக்க ஓடி ஆடிவிட்டு வந்தார். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு விளம்பரதாரர் யார் தெரியுமா? ஏஏஆர்பி. ஐம்பது தாண்டியவர்களுக்கான அமெரிக்க அமைப்பு. (நம் இளையராஜாவும் ஜாகரும் ஒரே 1943-ல் பிறந்தவர்கள். அந்த வருடத்துத் தண்ணீரில் ஏதோ இருந்திருக்கிறது.)

இரண்டாம் முறை சிங்கப்பூரில், அக்கா மகன் புண்ணியத்தில். குழுவின் பெயர் வேண்டாம். டிக்கெட் பெங்களூரைப்போல் பல மடங்கு, ஸீட் கூரைக்குப் பக்கத்தில். மூன்றாவது பாட்டில் பாடகர் மைக்கை நெஞ்சுக்கு இறக்கினார், குரல் இறங்கவில்லை. டிரம்மர் காதில் வேகத்தைப் பிடித்துவைக்கிற கிளிக் சத்தம் ஓடுகிறது என்பதும் தெரிந்துபோயிற்று. கூட்டம் துள்ளும்போதுகூட ஒரு பாட்டும் துளி வேகம் எடுக்கவில்லை. மனிதன் வாசித்தால் எடுக்கும். இரண்டு மணி நேரம் திரையைத்தான் பார்த்தேன். அதை அக்கா வீட்டு சோபாவிலேயே பார்த்திருக்கலாம், டீயாவது கிடைத்திருக்கும்.

அதனால் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: உள்ளரங்கமாக இருந்தால், முகம் தெரிகிற தூரத்தில் இடம் கிடைத்தால், எடுத்துவிடச் சொல்லுங்கள். பின்கோடி ஸீட்தான் என்றால் வேண்டாம். இன்னொன்று, இரண்டு டிக்கெட் எதற்கு? உங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்குமா? இல்லையென்றால் அவரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் பேரனோடு இருங்கள். செலவு பாதியாகிவிடும். காதுக்குப் பஞ்சு கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: 'கடைசிச் சுற்றுப்பயணம்' என்று போட்டாலே டிக்கெட் பறக்கிறது. நம்பலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: தி ஹூ குழு 1982-லேயே விடைபெற்றது. 2025-லும் விடைபெற்றது. ஸ்கார்ப்பியன்ஸ் 2010-ல் போதும் என்று அறிவித்துவிட்டு மனம் மாறியவர்கள். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் 1992-ல் 'நோ மோர் டூர்ஸ்' என்று பெயர் வைத்தே ஊர் ஊராகப் போனார், பிறகும் பல வருடம் பாடினார். நம் ஊர் ஜவுளிக்கடையின் 'இன்றே கடைசி' போர்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆஸியின் கதை அப்படியே முடியவில்லை. 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம், வில்லா பார்க் கால்பந்து மைதானம். அவர் வளர்ந்த வட்டாரம். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல், கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடி பாடினார். ஆஸி பாடிய பிளாக் சபாத் குழுவின் பழைய நால்வரும் 2005-க்குப் பிறகு முதல்முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். டிரம்மர் பில் வார்டு 77 வயதில் சட்டையைக் கழற்றிவிட்டு வாசித்தார். பதினேழாம் நாள் ஆஸி காலமானார். அன்று டிக்கெட் எடுத்தவர்களும் 'போன தடவையும் இதையேதானே சொன்னார்' என்று முணுமுணுத்திருப்பார்கள். போர்டைப் பார்க்காதீர்கள். ஆளைப் பாருங்கள்.

கேள்வி: ஒரிஜினல் ஆட்கள் ஒருவர்கூட இல்லாத குழுவுக்குப் பணம் கொடுக்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: லினர்ட் ஸ்கினர்ட் என்றொரு அமெரிக்கக் குழு. குழுவைத் தொடங்கியவர்களில் கடைசியாக இருந்த கேரி ராசிங்டன் 2023 மார்ச்சில் இறந்தார். குழு இன்னும் அதே பெயரில் ஊர் ஊராகப் போகிறது. பெயர்ப்பலகை அதே, மாஸ்டர் மாறிய ஓட்டல். சாம்பார் நன்றாகவே இருக்கலாம். ஆனால் பழைய விலையைக் கேட்டால் யோசியுங்கள்.

கேள்வி: விலை ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது?
- மாணவர், கோவை

பதில்: ஆல்பம் விற்றுச் சம்பாதித்த காலம் போய், மேடையில் சம்பாதிக்கிற காலம் வந்துவிட்டது. போதாததற்கு விமான டிக்கெட்போல, கேட்பவர் கூடக்கூட விலையும் கூடும் முறை. 2022-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்குச் சில இருக்கைகள் 5,000 டாலரை ஒட்டிப் போயின. உழைப்பாளிகளைப் பற்றிப் பாடிப் பெயர் வாங்கிய மனிதர் அவர். 1980 முதல் அவருக்காகவே நடந்துவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் பத்திரிகை மனம் வெறுத்து 2023-ல் மூடப்பட்டது. அதே வருடம் தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் இந்த விலையேற்று முறை வேண்டாம் என்றார். டிக்கெட்டைவிடச் சேவைக் கட்டணம் அதிகமாக இருக்கிறது என்று சண்டை பிடித்து, டிக்கெட் விற்கும் கம்பெனியான டிக்கெட்மாஸ்டரை 5 டாலர், 10 டாலர் என்று ரசிகர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார். தொகை சின்னதுதான். ஆனால் கலைஞர் நினைத்தால் முடியும் என்பது தெரிந்துபோயிற்று. அதனால்தான் 'எல்லாம் கம்பெனிக்காரன் செய்வது' என்று பாடகர்கள் கைவிரிக்கும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கேள்வி: டீப் பர்ப்பிளின் 1972 ஜப்பான் கச்சேரியே ஆல்பமாகக் கிடைக்கிறதே. அதைவிட நன்றாகவா இப்போது வாசித்துவிடுவார்கள்?
- வாசகர், சேலம்

பதில்: மாட்டார்கள். ஒசாகாவிலும் டோக்கியோவிலும் அந்த ஆகஸ்டில் வாசித்ததை அவர்களே திரும்ப வாசிக்க முடியாது. காதுக்கு மட்டும்தான் என்றால் அந்த ஆல்பம் போதும். ஆனால் பேஸ் டிரம் ஒரு அடி விழும்போது வயிற்றில் வந்து இடிப்பது ஹெட்போனில் வராது சார்.

கேள்வி: உங்களுக்கு இலவசமாக ஒரு டிக்கெட் வந்தால் யாரைப் பார்ப்பீர்கள்?
- வாசகி, புதுச்சேரி

பதில்: பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார். பிறந்தது 1940. எண்பதைத் தாண்டியும் ஊர் ஊராகப் போய் வாசித்தவர். இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர் செட்டில் உட்கார்ந்து வாசிப்பவர். அதனால் அவர் டிரம்மைச் சுற்றி வரும்போது கை போகிற வழியே வேறு மாதிரி இருக்கும். அதை நகலெடுக்க 26 வருடம் முயன்றேன், குச்சியோடு குச்சி இடித்துக்கொண்டதுதான் மிச்சம். டிக்கெட் இலவசம் என்கிறீர்களே, விமானமும் சேர்த்தா?