எந்த கேஜ், எவ்வளவு ஆழம்? ஷட்டர் பட்டை கேள்வி-பதில்

12 அடி அகலக் கடை, ஊர் தூத்துக்குடி. ரோலிங் ஷட்டருக்கு 20 கேஜ் பட்டை போதுமா, 18 கேஜ் போட வேண்டுமா?

கேஜ் என்பது தகட்டுக் கனத்தைக் குறிக்கும் எண். முதலில், எந்த கேஜ்? பிரிட்டிஷ் கணக்கில் 18 என்றால் 1.22 மி.மீ. அமெரிக்க ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய தகடு) கணக்கில் அதே 18 என்பது 1.31. பில்லில் 18 என்று எழுதி, மைக்ரோமீட்டர் வைத்தால் 1 மி.மீ. காட்டும் தகடும் சந்தையில் ஓடுகிறது. கேஜை மறந்துவிட்டு மி.மீ. எழுதி வாங்குங்கள். வெட்டு முனையில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அளந்து பாருங்கள்.

மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்புப்படி 3.5 மீட்டர் அகலம் வரை 0.90 மி.மீ.; அதற்கு மேல் 1.25. உங்கள் 12 அடி 3.66 மீட்டர். ஆக 1.25தான், பேரம் இல்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களும் கேட்கவில்லை, கேட்பவரும் அரிது: பட்டையின் நடு வளைவு எவ்வளவு ஆழம்? விறைப்பு தகட்டுக் கனத்துக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும். ஆழத்துக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 0.9-ஐ 1.2 ஆக்கினால் விறைப்பும் எடையும் மூன்றில் ஒரு பங்கு கூடும். 12 மி.மீ. ஆழத்தை 16 ஆக்கினால் விறைப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடும். அதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் தகடு பட்டைக்கு சுமார் 6 மி.மீ. அகலம், எடையில் 5 சதவீதம். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுத்தான் சில பட்டைத் தயாரிப்பாளர்கள் காசு பார்க்கிறார்கள். ஆழத்தை 8-க்கு இறக்கினால் அதே காயிலில் (தகட்டுச் சுருளில்) நாலைந்து சதவீதம் மிச்சம், விறைப்போ பாதிக்கும் கீழே. வாடிக்கையாளர் கேஜை அளந்து பார்த்துத் திருப்தியாகப் போய்விடுவார். விவரக்குறிப்பு கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 12. முனையில் ஸ்கேல் வைத்தால் அரை நிமிடத்தில் தெரியும். அகலமும் சும்மா விடாது: 10 அடிக்கும் 12 அடிக்கும் இரண்டடிதான் வித்தியாசம்; ஆனால் அதே காற்றுக்குப் பட்டை இரண்டு மடங்கு வளையும்.

ஆழமான பட்டை போட்டால், மேலே ஏற்றிய திரையின் உருளை பெருத்து மேல்பெட்டியில் அடங்காது என்கிறார் ஃபேப்ரிகேட்டர்.

கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாரா? உருளை விட்டத்தின் வர்க்கம் = டிரம் (திரை சுற்றிக்கொள்ளும் குழாய்) விட்டத்தின் வர்க்கம் + 1.27 × ஒரு சுற்றின் கனம் × திரை உயரம். 200 மி.மீ. டிரம், 3 மீட்டர் உயரம், 12 மி.மீ. ஆழப் பட்டைக்குச் சுற்றுக்கனம் 16 என்று வைத்தால் சுமார் 320 வரும். 16 ஆழத்துக்குச் சுற்றுக்கனம் 20; விட்டம் 340. இரண்டே சென்டிமீட்டர். பெட்டிக்குள் சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி விடுங்கள், போதும்.

டிராயிங் இணைத்துள்ளேன். காயில் அகலம் மட்டும் சொல்லவும்.

டிராயிங்கில் தகட்டுக் கனமும் இல்லை, ஓரச் சுருட்டின் (அடுத்த பட்டையோடு கோக்கும் மடிப்பின்) உள் ஆரமும் இல்லை. எதை வைத்துச் சொல்வது? முறை இதுதான்: நேர்ப்பகுதிகளை அப்படியே கூட்டுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் உள் ஆரத்தோடு கனத்தில் 0.4 பங்கு சேர்த்து வில்நீளம் எடுங்கள். 75 மி.மீ. பிட்ச் (கோத்த பின் பட்டைக்குப் பட்டை தூரம்) பட்டைக்கு 115-ஐ ஒட்டி வரும். அந்த எண்ணை வைத்து டன் கணக்கில் ஸ்லிட்டிங் (காயிலை நீளவாக்கில் நறுக்கும்) ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். அகலத்தில் 1 மி.மீ. கூடினால் அது பெரும்பாலும் கடைசிச் சுருட்டில் போய்ச் சேரும். வாய் மூடிக்கொண்டு பட்டை கோக்காது. குறைந்தால் வாய் திறந்து, இழுத்தால் கழன்று வரும். தகட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டி, பட்டையை வளைக்கும் ரோலில் ஓட்டி, கையால் கோத்துப் பாருங்கள்.

கூரைத் தகட்டுக் காயில் மலிவாகக் கிடைத்தது. சுருட்டில் வெடிப்பு விழுகிறது. ரோலைத் திருத்த வேண்டுமா?

ரோல் மேல் பழி போடாதீர்கள். கூரைத் தகட்டில் பெரும்பகுதி 550 மெகாபாஸ்கல் வலிமையுள்ள கடினத் தகடு. அது சுருளாது, வெடிக்கும். சுருட்டுக்கு 250–300 அளவில் நெகிழும் மென்தகடு வேண்டும். ஜி.ஐ. என்றால் 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு கிராம்) பூச்சு இரு பக்கமும் சேர்த்துத்தான். பக்கத்துக்கு 8 மைக்ரான் சொச்சம். கடலோரத்துக்கு 275 கேளுங்கள்.

மெஷினிலிருந்து பட்டை முறுக்கி வருகிறது. வெட்டியதும் முனை விரிகிறது.

இரண்டும் வேறு நோய். முறுக்கு: இடது, வலது ரோல் இடைவெளி சமமில்லை, அல்லது ஸ்லிட் காயிலே வில்லாக வளைந்திருக்கிறது. காயிலைத் தரையில் 3 மீட்டர் விரித்து, நூல் பிடித்துப் பார்த்துவிட்டு ரோலில் கை வையுங்கள். முனை விரிதல்: குறைந்த ஸ்டேஷனில் (ரோல் ஜோடிகளில்) அவசரமாகச் சுருட்டியதால் ஓரம் இழுபட்டு உள்ளே அழுத்தம் தங்கிவிட்டது, வெட்டியதும் அது வெளிவருகிறது. ஸ்டேஷன் கூட்டி, சுருட்டை மெல்ல மெல்ல மூடுங்கள். சரிசெய்த பிறகு மறுபடியும் மூன்று துண்டு, கையால் கோத்து.

பட்டை பக்கவாட்டில் நகர்ந்து கைடில் (பட்டை ஓடும் பக்கச் சட்டத்தில்) உரசுகிறது. இரண்டு பட்டைக்கு ஒரு பொட்டு வெல்டிங் வைக்கலாமா?

கூடாது. சுருட்டு சுழலாமல் பிடிக்கும், துத்தநாகம் எரிந்து அங்கேயே துரு ஆரம்பிக்கும். ஒன்றுவிட்டு ஒரு பட்டையின் இரு முனையிலும் எண்ட் கிளிப் ரிவெட் அடியுங்கள்.

எண்ட் கிளிப் இருந்தும் புயலில் பட்டை கைடைவிட்டு வெளியே வந்துவிட்டது. (நாகப்பட்டினம்)

எண்ட் கிளிப் வேறு, விண்ட் லாக் வேறு. கிளிப் பட்டை நகராமல் தடுக்கும், காற்றைத் தாங்காது. 3.6 மீட்டர் பட்டை நடுவில் 25 செ.மீ. வளைந்தால் ஒவ்வொரு முனையும் 2 செ.மீ.க்கு மேல் உள்வாங்கும். சென்னைக்கு ஐ.எஸ். 875 (இந்தியத் தரநிலை) தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. உங்கள் கடற்கரையிலும் அதை வைத்தே கணக்கிடுங்கள். பட்டை முனை கைடுக்குள் 40 மி.மீ.யாவது இருக்கட்டும், 3.5 மீட்டர் அகலத்துக்கு மேல் கைடு ஆழம் 75 மி.மீ. அதோடு கொக்கி முனை விண்ட் லாக், அது மாட்டுகிற உதடு வைத்த கைடு இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினால் காசு வீண். பட்டையின் நடு வளைவு ஆழத்தையும் அளந்தீர்களா?

கைடில் வேஸ்ட் ஆயில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். தூசி ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும். துணியால் துடைத்துவிட்டு மெழுகு தேயுங்கள்.