கர்ப்பப்பையை எடுக்க லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா?

கர்ப்பப்பையில் 8 செ.மீ. கட்டி, ஏற்கெனவே இரண்டு சிசேரியன், ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்வது) என்கிறார், இன்னொருவர் வயிற்றைத் திறக்கணும் என்கிறார், குழப்பமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம் சகோதரி. பழைய சிசேரியன் தழும்பில் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையோடு ஒட்டியிருந்தால் அதைப் பிரிப்பதுதான் சிக்கலான வேலை, அதில் கை பழகியவரா என்பதுதான் முக்கியம். அதனால் "சிசேரியன் ஆனவர்களுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், பாதியில் திறக்க வேண்டி வந்ததா?" என்று நேராகவே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

எனக்கு லேப்ராஸ்கோப்பிதான். நான்கு சின்னத் தையல். வயிற்றைவிட தோள்பட்டைதான் இரண்டு நாள் வலித்தது, உள்ளே ஏற்றும் வாயுவால் அப்படி வருமாம். திறந்து செய்தால் தேற 6 முதல் 8 வாரம் ஆகும், லேப்ராஸ்கோப்பியில் பெரும்பாலும் அதில் பாதிதான். ஆனால் உள்தையல் ஆற, திறந்து செய்தால் ஆகும் அதே அளவு நாளாகும், வெளியே தெரியவில்லை என்று குடத்தைத் தூக்கிவிடாதீர்கள்!

அப்புறம், பெரிய கட்டியை உள்ளேயே துண்டாக்கி எடுப்பார்களா என்றும் கேளுங்கள். அரிதாக அது புற்றாக இருந்தால் பரவிவிடலாம். கர்ப்பப்பையைப் பிறப்புறுப்பு வழியாகவே அறுவை செய்து எடுக்க முடியுமா என்பதையும் விடாதீர்கள், முடிந்தால் வயிற்றில் தையலே இருக்காது.