கைக்குழந்தையோடும் ஓடித் திரியும் குழந்தையோடும் நீண்ட விமானப் பயணம்: கேள்வி பதில்

விமானப் பணிப்பெண்ணாக 9 வருடம் வேலை பார்த்தேன். வேலையை விட்ட பிறகு என் இரண்டு பிள்ளைகளோடு பயணியாகவும் நிறையப் பறந்திருக்கிறேன். முதல் தடவை போனபோது சின்னவனுக்கு 7 மாதம், பெரியவளுக்கு இரண்டரை வயது, பயணம் 13 மணி நேரம். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் என்பதால் நீங்கள் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் எடுக்கும்போதே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்களுக்கு 5 மாதக் குழந்தையும் இரண்டரை வயதுப் பையனும். 14 மணி நேரப் பயணம். தொட்டில் மாட்டும் வரிசையைக் கேட்கலாமா? யார் எங்கே உட்காருவது?

5 மாதம் என்றால் கேளுங்கள். ஒரு விமானத்தில் தொட்டில் மாட்டும் இடங்கள் சிலதான் இருக்கும், அதனால் டிக்கெட் எடுத்த அன்றே போன் செய்துவிடுங்கள். எடை வரம்பையும் அப்போதே கேளுங்கள். சில நிறுவனங்களில் 9, 10 கிலோ வரைதான். சிலவற்றில் 14 கிலோ வரை போகும்.

அந்த வரிசையின் சிரமங்களையும் தெரிந்துகொண்டு போங்கள். முன்னால் சீட் கிடையாது, சுவர்தான். அதனால் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க முடியாது, எல்லாம் மேலே போய்விடும். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் பெரும்பாலும் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. பையன் உங்கள் மடிமேல் காலை நீட்டிப் படுக்க வழியில்லை. அப்புறம், சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுக்கச் சொல்லி எத்தனையோ அம்மாக்களை எழுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அது விட்டுக்கொடுக்கிற விதி இல்லை. தானாக எழுந்து உட்காரப் பழகிவிட்ட குழந்தை என்றால் நான் தொட்டிலே வேண்டாம் என்பேன்.

பையனை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள், நீங்கள் நடுவில். ஓரச் சீட் அவனுக்கு வேண்டாம். தள்ளுவண்டி போகும்போது கை, கால் அடிபடும். சூடான டீ அவன் தலைக்கு மேலேதான் கைமாறும்.

14 மாத இரட்டைக் குழந்தைகள். நானும் மனைவியும் ஆளுக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாமா?

பல விமானங்களில் முடியாது. ஒரு வரிசையின் ஒரு பக்கத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் முகமூடிகள் பெரும்பாலும் சீட்டுகளின் எண்ணிக்கையைவிட ஒன்றுதான் அதிகம். அங்கே மடியில் இரண்டு குழந்தைகள் என்றால் முகமூடி போதாது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று முன்பே பதிந்துகொண்டால் கடைசி நிமிடத்தில் உங்களைப் பிரித்து எங்கோ உட்கார வைக்க மாட்டார்கள்.

2 வயதுக்குக் கீழே என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாமே, தனி சீட்டுக்குப் பணம் கட்டுவது வீண்தானே?

வீண் இல்லை. மடியில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் பல நிறுவனங்கள் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் அளவுக்கு வாங்குவார்கள். ஆனால் திடீரென்று காற்றுக் கொந்தளிப்பில் விமானம் தூக்கிப் போடும்போது எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கைகள் தாங்காது. நின்றுகொண்டிருந்த நானே ஒரு தடவை கூரையில் மோதிக் கீழே விழுந்திருக்கிறேன். பணம் கட்ட முடிகிறவர்கள் தனி சீட் எடுத்து, விமானத்தில் பயன்படுத்த அங்கீகாரம் உள்ள கார் சீட்டைப் (காரில் குழந்தையைப் பெல்ட் போட்டு உட்கார வைக்கும் தனி இருக்கை) பொருத்துவதுதான் பாதுகாப்பு. கார் சீட்டில் அதற்கான முத்திரை இருக்கிறதா, அதன் அகலம் விமான சீட்டுக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே பாருங்கள். பெரும்பாலும் அதை ஜன்னல் பக்கம்தான் வைக்கச் சொல்வார்கள்.

அது முடியாதவர்கள் மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய விமானங்களில் உங்கள் பெல்ட்டோடு கோர்க்கும் சின்ன பெல்ட் ஒன்றைக் குழந்தைக்குத் தருவார்கள். அமெரிக்க விதிப்படி அதற்கு அனுமதி கிடையாது, கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணித் தொட்டிலை ஏறும்போதும் இறங்கும்போதும் கழற்றச் சொல்வது வழக்கம்.

இன்னொன்று: போகும்போது 23 மாதம், திரும்பும்போது 2 வயது முடிந்துவிட்டது என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி சீட் கட்டாயம். இதைக் கவனிக்காமல் செக்-இன்னில் தவித்து நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

காது வலியில் குழந்தை துடித்துவிடும் என்கிறார்கள். விமானம் கிளம்பும்போதே பால் கொடுத்துவிட வேண்டுமா?

கிளம்பும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமான மலைமேல் இருப்பது போலத்தான். இறங்கும்போது அந்த அழுத்தம் மறுபடி கூடும். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்குப் போகும் சின்னக் குழாய் திறந்தால்தான் காதுக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும். விழுங்கும்போது அது திறக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகல்.

நிறையப் பேர் செய்கிற தவறு, கதவு மூடியதும் பால் கொடுத்துவிடுவது. விமானம் ஓடுபாதையில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் பிள்ளை குடித்து முடித்துத் தூங்கியிருக்கும். சக்கரம் வேகமெடுக்கும்போது கொடுங்கள். இறங்குவதற்குத் தரை தொடும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதற்கு ஏறக்குறைய 30 நிமிடம் முன்பே விமானம் கீழே இறங்கத் தொடங்கிவிடும், என்ஜின் சத்தம் குறைவது காதில் கேட்கும். அப்போது தாய்ப்பால், புட்டி, பாசிஃபையர் எதுவானாலும் சரி. பெரிய குழந்தைக்கு உறிஞ்சு குழாய் வைத்த கப்பில் தண்ணீர்.

அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தால்?

எழுப்புங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் தூக்கத்தில் விழுங்குவது குறைவு, வலியில் அலறி எழுவதைவிட மெதுவாக எழுப்பிப் பால் கொடுப்பது மேல். சளியோ காதில் தொற்றோ இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உறிஞ்சு கப்பைத் திறந்ததும் தண்ணீர் பீறிட்டுக் கொட்டிவிட்டது. கப் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. தரையில் மூடிய கப்புக்குள் தரையின் காற்றழுத்தம் இருக்கும், மேலே வெளி அழுத்தம் குறைவு. குழாயை நிமிர்த்துவதற்கு முன்னால் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காற்றை வெளியே விடுங்கள்.

தூக்க மருந்து கொஞ்சம் கொடுத்தால் நிம்மதியாகப் போகலாம் என்று தெரிந்தவர் சொன்னார். கொடுக்கலாமா?

வேண்டாம். அவர்கள் சொல்வது அநேகமாக அலர்ஜிக்குக் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் மருந்துகளை. சின்னக் குழந்தைகளுக்கு அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சைப் பாதிக்கலாம். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, தூங்காமல் வெறிபிடித்தது போல ஆகிவிடும். தரையிலிருந்து 10 கிலோமீட்டர் உயரத்தில், பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் அந்தச் சோதனை எதற்கு?

மூன்று வயது ஆகப்போகிற பெண். 13 மணி நேரம் எப்படி உட்கார வைப்பது? எத்தனை பொம்மை எடுத்துப் போவது?

13 மணி நேரமும் உட்கார வைக்க முடியாது, அதற்கு முயற்சியும் செய்யாதீர்கள். நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் நன்றாக ஓட விடுங்கள். குழந்தையோடு வருகிறவர்களை முதலில் கூப்பிடுவார்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் மட்டும் பைகளோடு முதலில் போகட்டும், மற்றவர் குழந்தையோடு கடைசியில் ஏறட்டும். விமானம் நகர்வதற்கு முன்னாலேயே 40 நிமிடம் சீட்டில் கட்டிப்போட்டுவிட்டால் அவளுடைய பொறுமை அங்கேயே கரைந்துவிடும்.

முதல் இரண்டு மணி நேரத்துக்குப் பொம்மை தேவைப்படாது. ஜன்னல் மூடி, விளக்குப் பொத்தான், சாப்பாட்டுத் தட்டு எல்லாமே அவளுக்குப் புதுசு. பையைத் திறக்காதீர்கள். சாப்பாடு முடிந்து தள்ளுவண்டிகள் உள்ளே போனதும் பின்பக்கச் சமையலறை வரை ஒரு நடை கூட்டிப் போங்கள். அந்த நேரத்தில் பணியாளர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு, சிரித்துப் பேசுவார்கள். விளக்கு அணைந்ததும் வீட்டில் தூங்க வைக்கிற அதே வரிசையைச் செய்யுங்கள்: உடை மாற்றி, பல் துலக்கி, வழக்கமான கதை, வழக்கமான போர்வை. பழகின வாசனை உள்ள போர்வையை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்கக் கண்டது, குடும்பங்கள் தளர்ந்து போவது கடைசி மூன்று மணி நேரத்தில்தான். குழந்தை அரைத் தூக்கத்தில் எழுந்திருக்கும், கொண்டுவந்த பொம்மையெல்லாம் பழசாகியிருக்கும், இறங்கும்போது எழுந்து நடக்கவும் விட மாட்டார்கள். அம்மா, அப்பா இருவரும் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் மிகப் பிடித்த பொருளையும், அதுவரை காட்டாத ஒரு புதுப் பொருளையும், டாப்லெட்டில் இறக்கி வைத்த படங்களையும் அந்த மூன்று மணி நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். அதைவிட முக்கியமாக, பெரியவர்களின் தெம்பை மிச்சம் வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை இல்லாதவர் நிஜமாகவே தூங்க வேண்டும், முடிந்தால் கொஞ்சம் தள்ளி இருக்கும் சீட்டில். பிள்ளை அழுதாலும் அவர் எழக் கூடாது. முதல் பயணத்தில் நாங்கள் இருவருமே 13 மணி நேரமும் விழித்திருந்தோம். இறங்கும் நேரத்தில் பெரியவள் அழுதபோது எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லத் தெம்பு இல்லை. திரும்பி வரும்போது முறை வைத்தோம். அவள் அப்போதும் அழுதாள், ஆனால் தூக்கி வைத்துக்கொண்டு பாட எனக்குத் தெம்பு இருந்தது.

பொம்மை ஐந்தாறு போதும். சத்தம் போடுவதும் உருண்டு ஓடுவதும் வேண்டாம். ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர், பேப்பர் டேப் சுருள், வண்ணப் பென்சில் போன்றவை நல்லது. ஹெட்போன் போட்டுக்கொள்ள வீட்டிலேயே பழக்குங்கள், அங்கே போய் முதல் தடவை மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவாள்.

ஃபார்முலா பாலும், எடுத்து வைத்த தாய்ப்பாலும் கொண்டு போகலாமா? கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டு போகக் கூடாது என்ற விதி இருக்கிறதே?

குழந்தையின் பயண நேரத்துக்குத் தேவையான பால், தண்ணீர், குழந்தை உணவு ஆகியவற்றுக்கு அந்த வரம்பில் பெரும்பாலான நாடுகள் விலக்கு தருகின்றன. பைக்குள் புதைத்து வைக்காமல் தனியாக எடுத்து, சோதனைக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். தாய்ப்பால் ஐஸ் பேக்கோடு குளிர் பையில் 24 மணி நேரம் தாங்கும். அறை வெப்பத்தில் 4 மணி நேரம்.

பவுடரை ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கலக்க 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கலக்கிய பாலை ஆற வைத்து, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலக்கி 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரம்தான். சீல் வைத்து வரும் திரவப் பால் உங்கள் குழந்தைக்குப் பழக்கம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. கணக்குப் போட்டதைவிட இரண்டு மூன்று வேளை கூடுதலாக எடுங்கள், விமானம் தாமதமாகும்.

டயப்பர் எத்தனை?

வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, மேலே ஐந்து. ஒரு டயப்பர், கொஞ்சம் ஈரத் துணி, ஒரு காலிப் பை, ஒரு மாற்று உடை எல்லாவற்றையும் ஒரே ஜிப் பையில் போட்டு அப்படி நாலைந்து தயார் செய்யுங்கள். கழிவறைக்கு அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் போதும். டயப்பர் மாற்றும் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். உங்களுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும்.

நான் தனியாக இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன். பாத்ரூம் போவதைக்கூட நினைத்தால் பயமாக இருக்கிறது அக்கா.

ஏறியவுடன் உங்கள் பகுதியின் பணியாளரிடம் "நான் தனியாக வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது தெரிந்தால் கண் வைத்துக்கொண்டே இருப்போம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது எங்கள் கடமைப் பட்டியலில் கிடையாது, ஆனால் சாப்பாடு பரிமாறாத நேரத்தில் கேட்டால் இரண்டு நிமிடம் பெரும்பாலும் பிடிப்பார்கள். சின்னதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பெரியதைக் கையில் பிடித்துக்கொண்டு மூவருமாகவே கழிவறைக்குப் போகலாம், நெருக்கடிதான், ஆனால் முடியும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலையும், கூட வராதவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்றச் சோதனையில் சில நாடுகளில் கேட்பார்கள்.

பிள்ளை அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. பக்கத்துச் சீட்காரர்களுக்கு ஏதாவது கொடுத்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

தேவையே இல்லை. குழந்தை அழுவது குற்றம் இல்லை. திரும்பிப் பார்க்கிறவர்களில் நிறையப் பேர் தங்கள் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். சுற்றியிருக்கிறவர்களைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நீங்கள் பதறினால் அது இன்னும் பதறும்.

பிரசவமாகி 5 வாரம். பச்சைக் குழந்தையோடு போகலாமா?

குழந்தைக்கும் உங்களுக்கும் மருத்துவரின் சம்மதம் வாங்குங்கள். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரை காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம், நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் கூடும். பிள்ளையைப் பற்றியே கவலைப்பட்டு அம்மாவை மறந்துவிடுகிறோம். தள்ளிப் போட முடிந்தால் தள்ளிப் போடுங்கள். 6 மாதம் தாண்டிய குழந்தை என்றால் தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டுமா என்று பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு இரவு முழுக்க விளையாடுகிறார்கள். எத்தனை நாள் இப்படி?

உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் நகரும். 6 மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு வாரம் ஆகலாம். கிழக்கே போகும்போது இன்னும் சிரமம். காலை எழுந்ததும் வெயிலில் கூட்டிப் போங்கள், உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவது வெளிச்சம்தான். பகல் தூக்கத்தை அடியோடு தடுக்காதீர்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் எழுப்பிவிடுங்கள். நடு இரவில் எழுந்தால் பெரிய விளக்கைப் போடாமல், டிவி, போன் எதுவும் காட்டாமல், பசித்தால் கொஞ்சம் ஊட்டி, மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். விருந்துக்கோ உறவினரைப் பார்க்கவோ முதல் மூன்று நாட்களில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இங்கேயும் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் இரவு 8 மணிக்கே பிள்ளைகளோடு படுத்துவிட்டு 2 மணிக்கு அவர்களோடு எழட்டும், மற்றவர் காலை வரை தூங்கட்டும்.