சாக்ரடீஸ், ஒரு கடிதம்

வணக்கம் சார்,

பிரேசில் கால்பந்து வீரர் சாக்ரடீஸ் பற்றிய உங்கள் அஞ்சலிக் கட்டுரையைப் படித்தேன். பள்ளி அணியில் ஆடும் என் மகன்தான் காட்டினான். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு ஒரு வரியில் தொண்டை அடைத்துக்கொண்டது. ‘கையில் பீர், உதட்டில் சிகரெட், நெஞ்சில் ஜனநாயகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா குடித்தே இறந்தவர். கடைசி மாதங்களில் வயிறு வீங்கி அவர் கிடந்த கிடையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். இந்த மனிதர் மருத்துவர். ஈரல் என்ன ஆகும் என்று படித்தவர். அப்படியும் குடித்துச் செத்திருக்கிறார். உலகக் கோப்பையும் ஜெயிக்கவில்லை. இவரை எதற்காகப் போற்ற வேண்டும்? மகன் கேட்டால் நான் என்ன சொல்ல?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து பலமுறை படித்தேன். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. சந்தம் நன்றாக விழுந்ததே என்று விட்டுவிட்டேன். அதில் குடி அவருக்குப் போட்டுவிட்ட நகை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நடந்தது வேறு. 2011இல் நான்கு மாதத்துக்குள் மூன்று முறை அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. குடிதான் தன்னை இங்கே கொண்டுவந்து கிடத்தியது என்று அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். டிசம்பர் 4 அன்று, குடலில் தொடங்கிய தொற்று உடம்பெல்லாம் பரவி இறந்துபோனார். வயது 57. இதில் அழகு எதுவும் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்புறம் எதற்காக அவரைப் பற்றி எழுதினேன்?

அவருடைய அப்பா ரைமுண்டோ பெரிய படிப்பு இல்லாமல், தானே புத்தகம் படித்து முன்னுக்கு வந்தவர். கிரேக்க நூல்களின் மேல் இருந்த பித்தில் மூத்த மகனுக்கு சாக்ரடீஸ் என்றும் அடுத்த இருவருக்கு சோஸ்தனீஸ், சோஃபக்ளீஸ் என்றும் பெயர் வைத்தார். 1964இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த அப்பா தன் அலமாரியிலிருந்த புத்தகங்களைத் தானே எடுத்து எரித்தார். வீட்டில் இருந்தால் ஆபத்து என்ற பயம். பத்து வயதுப் பையன் நின்று அதைப் பார்த்தான். பின்னாளில் அவர் செய்த பலவற்றுக்கும் வேர் அந்த நெருப்பில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ரிபெய்ராவ் பிரேட்டோ நகரில் மருத்துவம் படித்துக்கொண்டே அந்த ஊர் அணிக்கு ஆடினார். பட்டம் வாங்கிய பிறகுதான் 1978இல் சாவோ பாவ்லோவின் கொரிந்தியன்ஸ் அணிக்குப் போனார். அங்கே 1981 கடைசியில் தொடங்கி மூன்று வருடம் நடந்ததைக் கட்டுரையில் ஒரு பத்தியில் முடித்துவிட்டேன். அதுவும் என் தவறு.

அன்றைய பிரேசிலில் ஆட்டத்துக்கு முன்பு வீரர்களை விடுதியில் அடைத்து வைப்பார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களைக்கூட இரவில் வெளியே விடமாட்டார்கள். சாக்ரடீஸ், சக வீரர்கள் விளாடிமிர், இளைஞர் கசாகிராண்டே ஆகியோர், சமூகவியல் படித்த அணி நிர்வாகி அடில்சன் மொன்டெய்ரோ ஆல்வெஸுடன் சேர்ந்து இதை மாற்றினார்கள். அடைத்து வைப்பது வேண்டுமா, பயிற்சி எத்தனை மணிக்கு, பேருந்து எங்கே நிற்கலாம், எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு. பிரேசில் கேப்டனுக்கும் ஓர் ஓட்டு, சட்டை துவைத்து அடுக்குபவருக்கும் ஓர் ஓட்டு. நாட்டில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஓட்டு இல்லாத காலம் அது! அணிக்குள் எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. கோல்கீப்பர் லியாவோ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் 1982, 1983 இரண்டு வருடமும் மாநிலக் கோப்பையை அந்த அணிதான் வென்றது. 1982 நவம்பரில், மாநிலத் தேர்தலுக்கு முன்னால், ‘15ஆம் தேதி ஓட்டுப் போடுங்கள்’ என்று சட்டை முதுகில் அச்சடித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள்.

1984 ஏப்ரலில் ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சாவோ பாவ்லோவில் பெருங்கூட்டம் கூடியது. அதற்கான சட்டத்திருத்தம் நிறைவேறினால் இத்தாலிக்கு ஆடப் போகமாட்டேன் என்று அந்தக் கூட்டத்துக்கு முன்னால் சாக்ரடீஸ் வாக்குக் கொடுத்தார். இத்தாலியில் காத்திருந்தது பெரிய பணம். நாடாளுமன்றத்தில் தேவைப்பட்டது 320 ஓட்டு. கிடைத்தது 298. அவர் இத்தாலியின் ஃபியோரென்டினா அணிக்குக் கிளம்பிப் போனார்.

உலகக் கோப்பை பற்றிக் கேட்டீர்கள். 1982 ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம், எதிரே இத்தாலி. டிரா செய்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். ஐந்தாவது நிமிடத்திலேயே இத்தாலியின் ரோஸி ஒரு கோல் போட்டுவிட்டார். ஏழு நிமிடம் கழித்து பிரேசிலின் ஜீக்கோ தன்னை ஒட்டி நின்றவரைத் திருப்பிவிட்டுப் பந்தை உள்ளே தள்ளுகிறார். வலது பக்கமாக சாக்ரடீஸ் ஓடி வருகிறார். ஆறடிக்கு மேல் உயரம், குச்சிக் கால்கள், அவசரமே இல்லாத ஓட்டம். எல்லோரும் குறுக்கே பாஸ் வரும் என்று நினைக்க, கோல்கீப்பர் ஜோஃபுக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் தரையோடு அடிக்கிறார். பந்து கோட்டில் பட்டதும் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாகப் புகைந்து எழுகிறது. நூறு தடவையாவது பார்த்திருப்பேன், அந்தத் தூளுக்காகவே. கடைசியில் ரோஸி மூன்று கோல் போட்டு இத்தாலி 3-2 என்று ஜெயித்தது. அந்த மைதானத்தையே 1997இல் இடித்துவிட்டார்கள்.

1986 உலகக் கோப்பையின்போது நான் சிறுவன். பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில், நள்ளிரவு தாண்டி, நெற்றியில் பட்டை கட்டிய அவரைப் பார்த்தேன். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் பட்டையில் ‘மெக்சிகோ இன்னும் நிமிர்ந்து நிற்கிறது’ என்று எழுதியிருந்தார். முந்தைய செப்டம்பரில் அந்த நாடு பூகம்பத்தில் நொறுங்கியிருந்தது. பிரான்சுக்கு எதிரான பெனால்டியை ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே அடித்தார். பிரான்ஸ் கோல்கீப்பர் பாட்ஸ் பாய்ந்து தட்டிவிட்டார். நான் அழுதேன்.

‘ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொரிந்தியன்ஸ் கோப்பை வாங்கும் நாளில் சாக வேண்டும்’ என்று அவர் சொல்லியிருந்ததாகவும் அப்படியே நடந்ததாகவும் ஒரு செய்தியை எல்லோரும் பகிர்வார்கள். அவர் இறந்தது ஞாயிறுதான். அன்று மாலை கொரிந்தியன்ஸ் சாம்பியன் ஆனதும் உண்மைதான். ஆனால் 57 வயதுச் சாவை வரம் வாங்கி வந்த சாவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு சுத்தமாக வரவில்லை. அன்று என் மனதில் நின்றது வேறு. ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலியின்போது கொரிந்தியன்ஸ் வீரர்கள் நடு வட்டத்தில் நின்று, மூடிய வலது கையை உயர்த்தினார்கள். கோல் போட்டால் அவர் நிற்கும் நிலை அது.

உங்கள் மகனிடம் இரண்டையும் சொல்லுங்கள். சட்டை துவைப்பவருக்கும் தனக்குச் சமமாக ஓட்டு வேண்டும் என்று நின்ற கேப்டன் இவர் என்று சொல்லுங்கள். குடியை விட முடியாமல் போன மருத்துவரும் இவர்தான் என்று சொல்லுங்கள். தாத்தா எப்படி இறந்தார் என்று அவனுக்குச் சொல்ல நினைத்தால் அதையும் அப்போதே சொல்லலாம். பள்ளி அணியில் ஆடுகிற பையனுக்கு இதெல்லாம் புரியும்.

கட்டுரையிலிருந்து அந்த வரியை இன்று காலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அவர் இறந்த தேதியும் வயதும் காரணமும் இருக்கின்றன. சாரியா கோலின் காணொளியை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்.