மெஷின் போய்விட்டது, பேக்கப் பில் மட்டும் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையான அஷ்யூரில் சோதனைக்காக ஓட்டிக்கொண்டிருந்த ஒரு விர்ச்சுவல் மெஷினை (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியை) மூன்று மாதத்துக்கு முன்பே அழித்துவிட்டேன். ஆனால் மாதாமாதம் பேக்கப் என்ற பெயரில் ஒரு தொகை பில்லில் ஏறிக்கொண்டே இருக்கிறது. பேக்கப் இருக்கும் வால்ட்டையே அழித்துவிடலாம் என்று போனால், உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது, அழிக்க முடியாது என்று சொல்கிறது. மிச்சம் இருப்பதை எப்படி முழுசாக நீக்குவது?

பதில்: முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை, அஷ்யூரிலும் கோளாறு இல்லை. மெஷின் ஒரு பொருள், அதன் பேக்கப் வேறொரு பொருள். பேக்கப் இருப்பது ரிக்கவரி சர்வீசஸ் வால்ட் என்ற தனிப் பெட்டகத்தில். மெஷினை அழிக்கும்போது அந்தப் பெட்டகத்தை யாரும் தொடுவதில்லை; தொடக்கூடாது என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். கைதவறி ஒரு சர்வரை அழித்தவருக்கும், கணக்குக்குள் புகுந்த ஒருவன் எல்லா மெஷின்களையும் துடைத்துவிட்டுப் போன நிறுவனத்துக்கும் கடைசியில் கைகொடுப்பது அந்தப் பெட்டகம்தான். மெஷினோடு சேர்ந்து அதுவும் போய்விட்டால் பேக்கப் எடுத்ததற்கே அர்த்தமில்லை.

சரி, இந்த மூன்று மாதமாக உள்ளே என்ன நடந்தது? பேக்கப்பை நிறுத்தாமல் மெஷினை அழித்ததால், அட்டவணைப்படி பேக்கப் வேலை கிளம்பி, மெஷினைக் காணாமல் தோற்றுக்கொண்டிருந்திருக்கும். பழைய ரிக்கவரி பாயிண்ட்கள், அதாவது ஒவ்வொரு பேக்கப்பின்போதும் பதிவான நிலைகள், பாலிசியில், அதாவது பேக்கப்பை எத்தனை நாள் வைப்பது என்ற விதியில், கொடுத்த காலக்கெடு முடிய முடியக் கழிந்திருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எல்லாம் தானாகக் கழிந்து, ஒருநாள் பில்லும் நின்றுவிடும் என்று காத்திருப்பார்கள். நிற்காது. கடைசி ரிக்கவரி பாயிண்ட் ஒன்றை மட்டும் அஷ்யூர் விடாமல் பிடித்து வைத்திருக்கும். நீங்களே போய் நிறுத்தி, தரவை அழி என்று சொல்லும்வரை அது இருக்கும். அது இருக்கும்வரை இரண்டு வகைக் கட்டணமும் ஓடும்: பாதுகாக்கப்படும் மெஷின் ஒன்றுக்கு என்று ஒன்று, தரவு பிடிக்கும் இடத்துக்கு என்று இன்னொன்று.

அழிக்கப் போவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒன்றை யோசித்துவிடுங்கள். அந்த மெஷின் இப்போது இல்லை. அதில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரே நகல் இந்தப் பேக்கப்தான். சோதனை மெஷின் என்கிறீர்கள். ஆனால் அதில் யாராவது ஒரு ஸ்கிரிப்டையோ, ஒரு டேட்டாபேஸ் நகலையோ, வேறெங்கும் இல்லாத ஒரு செட்டிங்ஸ் கோப்பையோ விட்டு வைத்திருக்கலாம். கூட வேலை செய்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டியது ஏதாவது இருந்தால் டிஸ்க்கை மட்டும் மீட்டெடுத்து, தேவையானதை எடுத்துக்கொண்டு அப்புறம் அழிக்கலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். அஷ்யூர் போர்ட்டலில் அந்த வால்ட்டைத் திறந்து, இடப்பக்க மெனுவில் 'பேக்கப் ஐட்டம்ஸ்' என்பதற்குப் போங்கள். அங்கே வகைவாரியாக எண்ணிக்கை தெரியும். 'அஷ்யூர் விர்ச்சுவல் மெஷின்' வரிசையைச் சொடுக்கினால், அழித்துவிட்டதாக நீங்கள் நினைத்த மெஷினின் பெயர் பட்டியலில் இருக்கும். கடைசி பேக்கப் நிலை என்ற இடத்தில் எச்சரிக்கைக் குறியோ தோல்வியோ காட்டும். பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்தில் இருக்கும் ரிசோர்ஸ் குரூப்பின் (மெஷின், டிஸ்க் போன்றவற்றைச் சேர்த்து வைக்கும் தொகுப்பின்) பெயரையும் பாருங்கள். டெஸ்ட்-01 என்ற பெயரில் ஒரு கணக்கில் நான்கு மெஷின்கள் நான்கு குரூப்களில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் மூன்று உயிரோடு ஓடிக்கொண்டிருந்தன.

சரியான ஐட்டத்தைத் திறந்து, மேலே உள்ள 'ஸ்டாப் பேக்கப்' பொத்தானை அழுத்துங்கள். வலப்பக்கம் ஒரு பலகை திறக்கும். அதில் இரண்டு தேர்வுகள். ஒன்று, பேக்கப்பை நிறுத்திவிட்டுத் தரவை வைத்துக்கொள்வது. இன்னொன்று, நிறுத்திவிட்டுத் தரவையும் அழிப்பது. முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் அதிகம். நிறுத்து என்ற சொல்லைப் பார்த்ததும் பில்லும் நின்றுவிடும் என்று தோன்றும். ஆனால் தரவு உள்ளே இருக்கும்வரை இரண்டு கட்டணமும் அப்படியே தொடரும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதைத் தேர்ந்தெடுத்ததும் ஐட்டத்தின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். காப்பி செய்து ஒட்டாமல் கையால் அடியுங்கள். நிதானிக்க வைப்பதற்காகத்தான் அந்தப் பெட்டியையே வைத்திருக்கிறார்கள். காரணத்தையும் குறிப்பையும் நிரப்பினால், பின்னால் வரும் நிர்வாகிக்கு உதவும். உறுதி செய்ததும் அழிக்கும் வேலை தொடங்கும்.

அந்த இடத்தில் வேறொருவரின் அனுமதி வேண்டும் என்று நின்றால், உங்கள் நிறுவனம் ரிசோர்ஸ் கார்டு என்ற பூட்டைப் போட்டிருக்கிறது என்று பொருள். பாதுகாப்புக் குழுவிடம் கேட்டு வாங்குவதுதான் வழி. வால்ட்டில் மாற்றமுடியாமை என்ற இம்யூட்டபிலிட்டி அமைப்பு பூட்டப்பட்டிருந்தால் இன்னும் கறார். காலக்கெடு முடியாத ரிக்கவரி பாயிண்ட்களை நீங்களும் அழிக்க முடியாது, உங்கள் மேலாளரும் அழிக்க முடியாது. பூட்டிய பிறகு அதைத் திறக்க வழியே இல்லை.

அழித்த பிறகு திரும்பிப் போய்ப் பார்த்தால் அந்த ஐட்டம் மறையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பதற வேண்டாம், அதுதான் சாஃப்ட் டெலீட். அழித்த தரவை அஷ்யூர் இன்னும் 14 நாள் ஓரமாக எடுத்து வைத்திருக்கும். மனம் மாறினால் 'அன்டெலீட்' செய்து மீட்டுக்கொள்ளலாம். இந்த 14 நாளுக்குக் கட்டணம் கிடையாது. இதை 180 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். நீட்டியிருந்தால் 14-ஐத் தாண்டிய நாட்களுக்குக் காசு உண்டு. யாராவது நீட்டி வைத்திருக்கிறார்களா என்று வால்ட்டின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில், பாதுகாப்பு அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வால்ட்டை அழிக்கப் போனபோது உள்ளே இருந்தது அந்த மெஷினின் பேக்கப் ஐட்டம்தான். இனிமேல் சாஃப்ட் டெலீட்டில் கிடக்கும் ஐட்டமும் அதே தடையைப் போடும். பொதுவாக ஒன்று கிடந்தாலும் வால்ட் முழுசாக அழியாது. சாஃப்ட் டெலீட்டை முடக்க அனுமதிக்கும் வால்ட்களில் இதை முறியடிக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது: முதலில் சாஃப்ட் டெலீட்டை முடக்க வேண்டும், பிறகு அந்த ஐட்டத்தை அன்டெலீட் செய்ய வேண்டும், பிறகு மறுபடியும் தரவை அழிக்க வேண்டும். இந்த முறை உடனே போய்விடும். வரிசை முக்கியம். முடக்குவதற்கு முன்பே சாஃப்ட் டெலீட் நிலைக்குப் போன ஐட்டத்துக்கு, முடக்கியது மட்டும் பலன் தராது. மீட்டு மறுபடி அழித்தால்தான் கணக்கு. சாஃப்ட் டெலீட் 'எப்போதும் இயங்கும்' என்ற நிலையில் இருக்கும் வால்ட்களில் இந்த முடக்கமே முடியாது.

என்னைக் கேட்டால், இந்தக் குறுக்கு வழியைத் தொடாதீர்கள். அதே வால்ட்டில் உயிரோடு இருக்கும் வேறு மெஷின்களின் பேக்கப் இருந்தால், நீங்கள் முடக்கிய நேரம் முழுக்க அவற்றுக்கும் பாதுகாப்பு இல்லை. திரும்பப் போட மறந்து மாதக்கணக்கில் அப்படியே விட்ட ஒரு வால்ட்டை நான் கண்டுபிடித்திருக்கிறேன். முடக்கியவர் வேலையை விட்டே போயிருந்தார். காசில்லாத 14 நாளைக் காத்திருப்பதால் என்ன நஷ்டம்? காலெண்டரில் 15-ஆம் நாளுக்கு ஒரு நினைவூட்டல் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வால்ட் முழுக்கக் காலி, இன்றே சந்தாவை மூடியாக வேண்டும் என்ற நிலையில் மட்டும் அந்த வழிக்குப் போகலாம்.

14 நாள் போன பிறகும் வால்ட் அழியவில்லை என்றால், உள்ளே வேறு ஏதோ பதிவாகி இருக்கிறது: ஒரு டேட்டாபேஸ் பேக்கப், பதிவு செய்த ஒரு சர்வர், சைட் ரிக்கவரி பிரதி (வேறிடத்தில் வைக்கும் மெஷின் நகல்), ஒரு பிரைவேட் எண்ட்பாயிண்ட் (வால்ட்டுக்கான தனி நெட்வொர்க் இணைப்பு). அழிக்கும் பக்கத்திலேயே எது தடுக்கிறது என்று காட்டும். ஒவ்வொன்றாக நீக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அங்கேயே ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டும் கொடுக்கிறார்கள். ஆனால் அது வால்ட்டில் இருக்கும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும், தேர்ந்தெடுத்து அழிக்கத் தெரியாது.

வால்ட்டுக்கு வெளியேயும் ஒரு துண்டு இருக்கும். சீக்கிரம் மீட்பதற்காக அஷ்யூர் சில நாட்களுக்கு ஸ்னாப்ஷாட்களை, அதாவது டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்களை, உங்கள் சந்தாவிலேயே, 'அஷ்யூர்பேக்கப்ஆர்ஜி' என்று தொடங்கும் ஒரு ரிசோர்ஸ் குரூப்பில் வைக்கும். நீங்கள் உருவாக்காத குரூப் அது, அதனால் பார்த்ததும் குழப்பம் வரும். பேக்கப் தரவை அழித்தால் வழக்கமாக இதுவும் தானே சுத்தமாகும். ஆகவில்லை என்றால் யாரோ அந்தக் குரூப்பில் அழிக்கத் தடைப் பூட்டு போட்டிருப்பார்கள். பூட்டை எடுத்துவிட்டு, மறைந்த வகைகளைக் காட்டு என்று டிக் செய்தால் ரீஸ்டோர் பாயிண்ட் கலெக்‌ஷன் என்ற பொருள், அந்த ஸ்னாப்ஷாட்களின் தொகுப்பு, தென்படும். உங்கள் பழைய மெஷினின் பெயர் அதில் ஒட்டியிருக்கும். அந்த ஒன்றை மட்டும் அழியுங்கள்.

இதே கேள்வியை அமேசான் கிளவுட்டில் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மெஷினை அழித்தால் இயங்குதளம் இருக்கும் ரூட் டிஸ்க் வழக்கமாகக் கூடவே போகும். பின்னால் சேர்த்த டேட்டா டிஸ்க்குகள் வழக்கமாக அழியாமல் தங்கிவிடும், ஸ்னாப்ஷாட்கள் எல்லாமே தங்கிவிடும். அமேசானின் பேக்கப் சேவை எடுத்த ஸ்னாப்ஷாட்டை ஸ்னாப்ஷாட் பக்கத்தில் போய் அழிக்க முடியாது, பேக்கப் வால்ட்டுக்குள் போய்த்தான் நீக்க வேண்டும். மெஷின் இமேஜ் (புது மெஷின் உருவாக்க உதவும் அச்சு) ஒன்றோடு கட்டப்பட்ட ஸ்னாப்ஷாட் என்றால், முதலில் இமேஜின் பதிவை நீக்க வேண்டும். கோல்டு ஸ்டோரேஜ் என்ற மலிவான நீண்டகாலச் சேமிப்புக்கு நகர்த்திய பேக்கப்புக்குக் குறைந்தது 90 நாள் கட்டணம் உண்டு, முன்னாலேயே அழித்தாலும் சரி. கூகுள் கிளவுட்டிலும் கதை இதேதான்: தானியங்கி ஸ்னாப்ஷாட்கள், மாற்றிச் சொல்லாதவரை, டிஸ்க் போன பிறகும் தங்கும்.

ஸ்னாப்ஷாட்டை அழித்தும் பில் குறையவில்லையே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. டிஸ்க்கில் 100 ஜிபி தரவு. முதல் ஸ்னாப்ஷாட் 100 ஜிபி பிடித்தது. மறுநாள் 2 ஜிபி மட்டும் மாறியது, ஆகவே இரண்டாவது ஸ்னாப்ஷாட் பிடித்தது 2 ஜிபி. இப்போது முதலாவதை அழித்தால் 100 ஜிபி விடுபடும் என்று நினைப்போம். விடுபடுவது 2 ஜிபிதான். மீதி 98 ஜிபி இரண்டாவதுக்கும் வேண்டும், அதனால் அது அங்கேயே இருக்கும். சங்கிலி முழுக்கப் போனால்தான் இடம் முழுக்கக் காலியாகும்.

அடுத்த மெஷினுக்கு வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் வால்ட்டில் பேக்கப்பை நிறுத்தித் தரவை அழிப்பது, அப்புறம் மெஷின், அப்புறம் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பப்ளிக் ஐபி.

இந்த மாத பில் பூஜ்யமாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நீங்கள் அழித்த நாள்வரைக்கான தொகை அதில் இருக்கும். 'காஸ்ட் அனாலிசிஸ்' பக்கத்தில் நாள்வாரிப் பார்வையை வைத்து, வால்ட்டின் பெயரைக் கொண்டு வடிகட்டிப் பாருங்கள். அழித்ததற்குப் பிந்தைய நாட்களில் கோடு தரைக்கு வந்திருக்க வேண்டும். வால்ட்டின் கோடு தரைக்கு வந்தும் மொத்த பில் இறங்கவில்லை என்றால், வடிகட்டியை எடுத்துவிட்டு, யாரோடும் இணையாமல் கிடக்கும் ஒரு டிஸ்க்கைத் தேடுங்கள், பெரும்பாலும் அதுதான்.