காட்டுவாசி பொம்மையின் கை ஏன் ஓங்கியே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஆனித் திருவிழாக் கடையில் வகுப்புக்கென்று ஒரு பை பிளாஸ்டிக் பொம்மை வாங்கினேன். ‘காட்டுவாசி செட்’ என்றுதான் கடைக்காரர் சொன்னார். துப்பாக்கியோடு வெள்ளைக்காரர் பன்னிரண்டு பேர், தலையில் இறகு வைத்த பழுப்பு ஆட்கள் பன்னிரண்டு பேர், ஒரு கூம்புக் கூடாரம், இரண்டு தென்னை மரம், ஒரு சிங்கம். பையைப் பிரித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு பையன் பழுப்பு பொம்மை ஒன்றை எடுத்து, மலையில் காணிக்காரப் பழங்குடியினர் வாழும் காணிக்குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளையிடம் “இந்தா, உங்க ஆளு” என்று நீட்டினான். அவள் வாங்கவில்லை. பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இதைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொண்டு பாடம் நடத்துவதா? ஆண்டு விழாவுக்கு நாங்களே ஒரு கட்டபொம்மன் செட் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதிலும் இதே தப்பு வராமல் எப்படிச் செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

தூக்கிப் போட வேண்டாம். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பையை மேசையில் கொட்டி, ஆட்களை விட்டுவிட்டு தோரணைகளை எண்ணுங்கள். இந்த மாதிரிப் பைகளில் வெள்ளைக்காரருக்குப் பெரும்பாலும் ஐந்தாறு தோரணை இருக்கும். ஒருவர் மண்டியிட்டுச் சுடுவார், ஒருவர் நின்று சுடுவார், ஒருவர் கொடி பிடிப்பார், ஒருவர் தொலைநோக்கியில் பார்ப்பார், ஒருவர் சும்மா இடுப்பில் கைவைத்து நிற்பார். பழுப்பு ஆட்களுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று: கோடரி ஓங்கியவர், ஈட்டி ஓங்கியவர், வில் வளைத்தவர். ஒரு பக்கத்துக்குப் பார்க்கவும் யோசிக்கவும் ஓய்வெடுக்கவும் தெரிகிறது. இன்னொரு பக்கத்துக்குப் பாய மட்டும்தான் தெரிகிறது. நிறத்தையும் இறகையும்விட இதுதான் பிள்ளை மனதில் போய் உட்காருவது.

இதில் பாதிக்குக் காரணம் அச்சு. இந்தப் பொம்மைகள் இரண்டு பாதி எஃகு அச்சில், உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி வார்ப்பவை. பொம்மையின் விலாவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடும், விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. அச்சு திறக்கும்போது பொம்மை மாட்டாமல் வெளியே வர வேண்டும். கையை மார்புக்குக் குறுக்கே மடக்கினால் இடுக்கு விழும், பொம்மை அச்சிலேயே சிக்கும். அதனால் கையும் ஆயுதமும் அந்தக் கோட்டை ஒட்டியே விரிகின்றன: மேலே, பக்கவாட்டில், கீழே. ஆள் தட்டையாக இருப்பதும் இதனால்தான். ஒரு நிறப் பிளாஸ்டிக் என்பதால் முகம் தெரியாது, நிழலுருவை வைத்துத்தான் யார் என்று சொல்ல வேண்டும். இறகும் கோடரியும் நிழலுருவில் பளிச்சென்று தெரியும். அச்சு வெட்டத்தான் பணம் அதிகம், பிளாஸ்டிக் மலிவு. ஒரு தடவை வெட்டிய அச்சை வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள்.

மீதிப் பாதிக்கு அச்சைப் பழி சொல்ல முடியாது. அதே இரண்டு பாதி அச்சில்தானே தொலைநோக்கி பிடித்தவரும் வார்க்கப்பட்டார்?

உங்கள் பைக்குள் மூன்று கண்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? கூம்புக் கூடாரம் வட அமெரிக்கச் சமவெளிக்காரர்களுடையது. காட்டெருமை மந்தையின் பின்னால் இடம் மாறிப் போகிறவர்கள் கழற்றி எடுத்துக்கொண்டு போகத் தோதான வீடு. தென்னை எங்கோ ஒரு வெப்பக் கடற்கரையிலிருந்து வந்தது. சிங்கம் ஆப்பிரிக்கா. கைவசம் இருந்த அச்சுகளில் வார்த்ததை ஒரே பையில் போட்டுக் கட்டினால் இப்படித்தான் ஆகும். இறகுக் கதையும் இதே. அமெரிக்காவில் இன்று அரசு அங்கீகரித்த பூர்வகுடிச் சமூகங்களே 570-க்கு மேல். நீண்ட இறகுத் தலையணி அவர்களில் சமவெளிச் சமூகங்கள் சிலவற்றுக்கு உரியது, லக்கோட்டா மக்களிடம் கழுகு இறகு ஒருவர் செய்த செயலுக்காகக் கொடுக்கப்படுவது. நம் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் அவர்களைச் ‘சிவப்பிந்தியர்’ என்றே எழுதின. கொலம்பஸ் வழி தப்பியதை நாமும் மனப்பாடம் செய்தோம்.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. ஜெர்மனியின் பிளேமொபில் 1974-ல் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியதால், கொஞ்சம் பிளாஸ்டிக்கில் நிறைய விளையாட்டு வேண்டும் என்று பிறந்த 7.5 செ.மீ. ஆட்கள் அவர்கள். முதலில் வந்தவை மூன்று வகை: கோட்டை வீரர், கட்டட வேலைக்காரர், ‘இந்தியர்’. ஒருவர் பழங்காலம், ஒருவர் தொழில், ஒருவர் இனம். மூன்றும் ஒரே அலமாரியில் நின்றால், அந்த மூன்றாமவரும் கோட்டை வீரரைப் போல வாழ்ந்து முடிந்தவர் என்றுதானே பிள்ளை நினைக்கும்? லெகோ 2001-ல் பயோனிக்கிள் பொம்மைகளுக்கு நியூசிலாந்து மாவோரி மக்களின் சொற்களை எடுத்துப் பெயர் வைத்தது. அவற்றில் ஒன்றான ‘தொஹுங்கா’ மாவோரியில் துறை அறிந்த பெரியவரை, சடங்கு அறிந்தவரைக் குறிக்கும். மாவோரிகள் ஆட்சேபம் சொன்ன பிறகு கம்பெனி சில பெயர்களை மாற்றியது. பெயரை மாற்றினார்கள், விற்பனை ஒன்றும் நின்றுவிடவில்லை. இதைக் கேட்டால் மாற்றுவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் கொலுப்படி மட்டும் என்ன வாழ்கிறது? குறவன் குறத்தி ஜோடி, பாம்பாட்டி, கூடைக்காரி. சாதிக்கொரு ஆண், ஒரு பெண், கையில் தொழிலுக்கொரு சாமான் என்று ஜோடி ஜோடியாக வரைவது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத் துரைமார் தஞ்சாவூர் ஓவியர்களிடம் கேட்டு வாங்கிய படத் தொகுப்புகளின் வழக்கம். களிமண்ணில் சாதி பொம்மைகள் செய்து லண்டன் கண்காட்சிகளுக்கும் அனுப்பினார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன் ஆட்களின் மூக்கை அளந்து, ஏழு தொகுதியில் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கியது 1909-ல். இவர்கள் எல்லாருக்கும் முந்தியே நம் குற்றாலக் குறவஞ்சியில் வரும் குறத்தி வாயைத் திறந்தால் மலைவளம், நாட்டுவளம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போவாள். கொலுக் குறத்திக்கு வாயும் இல்லை, மலையும் இல்லை. கூடை மட்டும் இருக்கிறது.

இனி உங்கள் செட். களிமண்ணும் காகிதக்கூழும் வேண்டாம் என்பேன். அவற்றுக்கும் இரண்டு பாதி அச்சுதான், கை திரும்பவும் ஓங்கிக்கொள்ளும். உங்கள் ஊரிலேயே கட்டையைச் சுழலவிட்டுக் கடையும் கடசல் பட்டறை இருக்கிறது, சொப்புச் சாமான் கடைகிறவர்களிடம் போங்கள். கடசலில் வருவது உருண்டை உருவம் மட்டும்தான்: தலை, கழுத்து, உடம்பு. கை வராது. அந்தக் குறைதான் நமக்கு வேண்டியது. உடம்பின் இரு பக்கமும் ஒரு துளை போடச் சொல்லுங்கள். கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளை செருகித் தீர்மானிக்கட்டும்.

அளவு சொல்கிறேன். உயரம் 7.5 செ.மீ., அடி அகலம் 3.5, தலை 2.5. அடி தலையைவிட அகலமாக இல்லாவிட்டால் தொட்டால் சாயும். கழுத்து 1.2 செ.மீ.க்குக் குறைந்தால் கீழே விழும்போது அங்கேதான் முறியும். துளை 4 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம். துளைக்குள் போகும் குச்சி 3.5 மி.மீ. இருக்கட்டும், அந்த அரை மி.மீ. விடாவிட்டால் ஐப்பசி மழையில் மரம் ஊதிக் குச்சி இறுகிவிடும். அரக்கு ஏற்றுவதற்கு முன்பே துளை போட வேண்டும், பின்னால் போட்டால் அரக்கு சில்லுச் சில்லாகப் பெயரும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரக் கட்டையைக் கடைந்தால் இரண்டே வாரத்தில் விரிசல் விடும், அரக்கும் பிடிக்காது. கிளையின் நடுப்பகுதி அப்படியே உள்ளே வரும் கட்டையையும் தவிர்க்கச் சொல்லுங்கள், அது நடுவிலிருந்து பிளக்கும். முன்பு சொப்புக்கு மஞ்சக்கடம்பு கேட்டு வாங்குவார்கள். இப்போது கிடைப்பதில் கடைகிறார்கள், பாதகமில்லை.

அரக்குக் குச்சியை ஓடுகிற கட்டையில் அழுத்தினால் உரசல் சூட்டில் அது உருகி ஏறும். உடம்புக்கு மட்டும் ஏற்றச் சொல்லி, தலையை வெறும் மரமாக விடச் சொல்லுங்கள். வழுவழுப்பான அரக்கின் மேல் பெயின்ட் நிற்காது, வெறும் மரத்தில் கண்ணும் வாயும் எழுதலாம். இன்னொரு காரணமும் உண்டு. எல்லார் தலையும் ஒரே மர நிறமாக இருக்கட்டும். துரை, சிப்பாய், பாளையக்காரர், காணிக்காரர் யாருக்கும் முகநிறம் பூசாதீர்கள். பின்னால் சானிடைசர் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், சாராயம் பட்டால் அரக்கு கரைந்து பிசுபிசுக்கும். உலர்ந்த துணி போதும்.

கட்டபொம்மன் செட்டில் எல்லாரும் செய்வது ஒரு மீசைக்காரர், எதிரே ஒரு வரிசை வெள்ளைக்காரர். கம்பெனிப் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிட உத்தரவிட்டவர் கம்பெனிப் படைத் தளபதி பானர்மேன். ஆகவே சிவப்புச் சட்டை பன்னிரண்டு செய்தால், இரண்டுக்கு மட்டும் அதிகாரித் தொப்பி வையுங்கள், பத்துக்குச் சிப்பாய்த் தலைப்பாகை. “இவங்க யாரு டீச்சர்?” என்ற கேள்வி தானாக வரும். பாளையக்காரர் ஈட்டி ஆள் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளமானது. 20 செ.மீ. தென்னை ஈர்க்குக் கட்டு சரியாக இருக்கும், நுனியில் ஒரு சொட்டு மெழுகு வைத்து உருட்டிவிடுங்கள், கண்ணில் குத்தாது.

கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண் கோட்டை. கரிசல் மண்ணில் செய்தால் காயும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். குளத்து வண்டல் மூன்று பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய வைக்கோல் இரண்டு கைப்பிடி. நிழலில் ஐந்து நாள் காயட்டும், வெயிலில் வைத்தால் மேல்பக்கம் முந்திக்கொண்டு காய்ந்து வெடிக்கும். ஒரு தடவை இடித்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பினார், மே மாதம்தான் கம்பெனியால் அதைப் பிடிக்க முடிந்தது. கட்டபொம்மன் தூக்கோடு கதையை முடிக்கிற செட்டுகளில் இந்த இரண்டாம் பாதி விடுபட்டுப் போகிறது.

காணிக்காரர் செட்டுக்குப் போர் தேவையே இல்லை. அந்த மலைக்கு வெள்ளை ஆட்சி வந்தது பீரங்கியோடு அல்ல, காகிதத்தோடு. 1882 சென்னை வனச் சட்டம், ஒதுக்குக் காடு, எல்லைக்கல், அனுமதிச் சீட்டு. துரையின் கைத் துளைக்குத் துப்பாக்கி கொடுக்காமல் சர்வே சங்கிலி கொடுங்கள். 66 அடி, 100 கண்ணி, அதைத்தான் இழுத்துக்கொண்டு நிலம் அளந்தார்கள். மெல்லிய செம்புக் கம்பியில் பத்துக் கண்ணி கோர்த்தால் பொம்மைக்குப் போதும். நான்கு எல்லைக்கல் வைத்ததும், நேற்றுவரை பொம்மை நடந்த வழியில் இன்று ஏன் நடக்கக்கூடாது என்று பிள்ளைகளே சண்டை போடுவார்கள். காணிக்காரர் கைக்கு மரச்சீனிக் கிழங்கு, மிளகுக் கூடை, தேன் குடுவை, காரையாறு அணையைக் கடக்கத் துடுப்பு, பள்ளிப் பை, 2006 வன உரிமைச் சட்டத்தில் பட்டா கேட்டு எழுதிய மனு. உடுப்பு இன்றைய உடுப்பு: கைலி, சட்டை, சேலை, சீருடை. இலை தழை கட்டாதீர்கள். ஆண்டு விழா மாறுவேடப் போட்டியில் கரியைப் பூசித் தழை கட்டி ஒரு பிள்ளையை மேடையேற்றும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதையும் இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம்.

காணிக்காரரின் கொக்கரையைச் செய்யலாமா என்று தோன்றும், பார்க்க அழகான இரும்பு இசைக்கருவி. அது சாற்றுப்பாட்டு என்னும் அவர்கள் பாட்டில் வாசிப்பது, சடங்கோடு சேர்ந்தது. குடியிருப்பின் பெரியவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அவள் படிக்க வந்திருக்கிறாள், தன் சமூகத்துக்கு விளக்கம் சொல்ல அல்ல. செட் வகுப்புக்கு வரும் நாளில் அவள் எந்தப் பொம்மையை எடுக்கிறாள் என்றும் உற்றுப் பார்க்காதீர்கள். சிவப்புச் சட்டைத் துரையை எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

பூட்டிய பைக்கு வருவோம். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. முத்திரை இல்லையென்றால் விளையாடக் கொடுக்காமல், பார்த்துப் பேசமட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால், ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் வகை, அதில் எந்தப் பெயின்டும் ஒட்டாது, உரிந்து வரும், நிறம் மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். மூழ்கினால் பெரும்பாலும் பிவிசி. சோப்பு நீரில் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்தால் அக்ரிலிக் நிற்கும். ஓங்கிய கோடரியைக் கட்டிங் பிளேயரில் நறுக்கி, வெட்டிய முனையை மழுக்கிவிட்டால் கை வெறுங்கையாகும். அப்புறம் அவர் யாரையோ கூப்பிடுகிறாரா, டாட்டா காட்டுகிறாரா, மரத்தில் பழம் பறிக்கிறாரா என்று வகுப்பில் கேளுங்கள். பன்னிரண்டையும் நறுக்க வேண்டாம். ஆறு ஓங்கிய கையோடு இருக்கட்டும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டுமே.

சிங்கத்துக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. முண்டந்துறையில் விடலாம் என்றால் அங்கே புலி இருக்கிறது.